ஒரே சொல் இரண்டு முறை: கைபேசி விசைப்பலகையின் பரிந்துரையைச் சரிசெய்த பதிவு

"மெல்ல" என்று எழுதுவதற்காக "மெ" வரை தட்டியிருந்தேன். விசைப்பலகைக்கு மேலே உள்ள பரிந்துரைப் பட்டையின் மூன்று இடங்களில் ஒன்றில் நான் தட்டிய "மெ", நடுவில் "மெளனம்", அடுத்து "மெளனமாக" என்று வந்தன. "மெல்ல", "மெதுவாக", "மெய்" ஆகிய எதுவும் இல்லை. அன்று மாலையே வேறொரு வாக்கியத்தில் "நீண்ட" என்று எழுதி இடைவெளி விட்டபோது, அதே பட்டையில் "மௌனம்" என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒரே சொல்லை ஒரு செயலி ஏன் இரண்டு முறை பரிந்துரைக்க வேண்டும் என்ற கேள்விதான், ஒரு மாதமாகச் சகித்துக்கொண்டிருந்த தொல்லையை உட்கார்ந்து சரிசெய்ய வைத்தது.

புதிய கைபேசிக்கு மாறி, பழையதின் காப்புநகலை அதில் ஏற்றிய நாளிலிருந்தே பரிந்துரைகள் சரியாக இல்லை என்பது என் எண்ணமாக இருந்தது. ஆனால் "சரியாக இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதால் எதையும் பழுது பார்க்க முடியாது என்பதால், முதல் இரண்டு நாட்கள் எந்த அமைப்பையும் தொடாமல், தொல்லை நேரும்போதெல்லாம் ஒரு தாளில் ஒரு வரி குறித்து வைத்தேன். அந்தத் தாளைப் படித்தபோது, நான் ஒன்றாக நினைத்திருந்தது உண்மையில் மூன்று குறைகள் என்று தெரிந்தது. சில இடங்களில் பரிந்துரைப் பட்டையே வருவதில்லை. சில இடங்களில் வருகிறது, ஆனால் வேண்டாத சொற்களோடு வருகிறது. வேறு சில இடங்களில் நான் சரியாக எழுதிய சொல், இடைவெளி விசையைத் தட்டியதும் வேறொன்றாக மாறிவிடுகிறது. முதலாவது பட்டையைப் பற்றியது, இரண்டாவது சொற்களஞ்சியத்தைப் பற்றியது, மூன்றாவது தானியங்கித் திருத்தத்தைப் பற்றியது. இம்மூன்றுக்கும் அமைப்புகளில் தனித்தனி இடங்கள் உண்டு. ஒன்றைச் சரிசெய்வதாக நினைத்து மற்றொன்றை அணைத்துவிட்டு, நிலைமை மோசமாகிவிட்டது என்று புலம்புவது மிக எளிது. புதிய கைபேசி வந்த முதல் வாரம் நான் செய்ததும் அதுதான்.

பிறகு, நான் அண்மையில் எழுதிய கடிதங்களிலிருந்தும் செய்திகளிலிருந்தும் பத்து வாக்கியங்களை எடுத்து, சோதனைத் தாள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டேன். பாதி எழுத்துத் தமிழ், பாதி பேச்சுத் தமிழ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே பத்து வாக்கியங்களை ஒரு வெற்றுக் குறிப்பேட்டில் தட்டிப் பார்ப்பது, வேண்டிய சொல் இரண்டு எழுத்துக்குள் பட்டையில் வந்ததா, எழுதியது மாறியதா என்று குறிப்பது, ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது என்பது ஏற்பாடு.

பட்டை வராத குறை அரை மணி நேரத்தில் தீர்ந்தது. தீர்ந்தது என்பதைவிட, அது குறையே இல்லை என்று தெரிந்தது என்பதே சரி. கடவுச்சொல் பெட்டிகளில் பரிந்துரை வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுபோலவே, எந்தச் செயலியும் தன் எழுத்துப் பெட்டிக்குப் பரிந்துரை வேண்டாம் என்று அறிவித்துக்கொள்ள முடியும். நான் தினமும் பயன்படுத்தும் ஒரு படிவச் செயலி அவ்வாறு அறிவித்திருந்தது. அதே விசைப்பலகை குறிப்பேட்டில் ஒழுங்காகப் பட்டையைக் காட்டியது. ஆண்ட்ராய்டு 8ஆம் பதிப்பிலிருந்து, "இங்கே தட்டுவதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்" என்று விசைப்பலகையைக் கேட்டுக்கொள்ளும் வசதியும் செயலிகளுக்கு உண்டு. உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் எழுதியவை பின்னர் பரிந்துரையாக வராமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஒரு செயலியில் மட்டும் பட்டை மறைந்தால் விசைப்பலகையைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. வேறிடத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

சொற்களஞ்சியத்துக்குள் இறங்குவதற்கு முன், தவறு விரலிலா கருவியிலா என்று பார்த்துவிடுவது நல்லது. தவறான எழுத்து உள்ளே போனால் தவறான சொல்தான் பரிந்துரையாக வெளியே வரும். நான் தமிழ்99 விசையமைப்பைப் பயன்படுத்துகிறேன். அதன் மேல்வரிசையில் மட்டும் பன்னிரண்டு விசைகள் உள்ளன. ஆங்கில அமைப்பின் மேல்வரிசையில் பத்துதான். அதே அகலத்துக்குள் பன்னிரண்டை அடைக்கும்போது ஒவ்வொரு விசையும் ஒடுங்கிவிடுகிறது. ற, ன, ட, ண நான்கும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. என் தாளில் "செய்தேன்" என்பது மூன்று முறை "செதேன்" என்று விழுந்திருந்ததைக் கண்டபோதுதான் சந்தேகம் வந்தது, ஏனெனில் "ய" இரண்டாம் வரிசையின் வலக்கோடியில் உள்ளது.

கைபேசியின் அமைப்புகளில் "கைபேசியைப் பற்றி" என்ற பகுதிக்குள் சென்று, பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதில் சுட்டியின் இடத்தைக் காட்டும் விருப்பத்தை இயக்கினால், விரல் தொடும் இடமெல்லாம் திரையில் கோடாக வரையப்படும். திரையின் குறுக்கே இடமிருந்து வலமாக மெதுவாக விரலை இழுத்தேன். கோடு வலது ஓரத்துக்கு ஒரு விரல்நகம் முன்பாகவே அறுந்து அறுந்து வந்தது. திரைமேல் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் அந்த ஓரம் சற்றே எழும்பியிருந்தது. கண்ணாடியை உரித்து எடுத்துவிட்டு மீண்டும் இழுத்தபோது கோடு விளிம்புவரை முழுதாக ஓடியது. "செதேன்" அதன்பின் வரவில்லை. மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் ஒரு பங்கு இந்தக் கண்ணாடிக்கு உரியது.

இனி "மௌனம்". இரண்டு பரிந்துரைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிப்பேட்டில் இறக்கி, ஒவ்வொன்றிலும் சுட்டியை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தேன். முதலாவதில் "மௌ" முழுவதையும் ஒரே தாவலில் தாண்டியது. இரண்டாவதில் "மெ" வரை வந்து நின்று, பிறகு "ள"வைத் தனியாகத் தாண்டியது. அழிப்பு விசையைத் தட்டியபோதும் அப்படித்தான்: முதலாவதில் "மௌ" என்பது "ம" ஆனது, இரண்டாவதில் "மெ" மிஞ்சியது. உரக்க வாசிக்கும் வசதியிடம் இரண்டையும் கொடுத்தேன். ஒன்றை "மௌனம்" என்றும் மற்றொன்றை "மெ ள னம்" என்றும் வாசித்தது. கண் ஏமாந்தாலும் காது ஏமாறவில்லை.

காரணம், ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் கணினிக்கென ஓர் எண்ணைத் தரும் பொதுமுறையான யூனிகோடில் உள்ளது. ஔகாரத்தின் உயிர்க்குறிக்கு 3020 என்ற எண் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியின் வலப்பாதி, அச்சில் "ள" போலவே வரையப்படுகிறது. எகரத்தின் கொம்பு 3014, ளகர மெய்யெழுத்தின் அடிப்படை வடிவமான "ள" 2995. கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் திரையில் ஔகாரம் போன்ற ஒன்று கிடைத்துவிடும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். ஒகரக் குறி இப்படித் தொல்லை தருவதில்லை, ஏனெனில் 3018 என்ற ஒற்றைக் குறியீடும், 3014, 3006 என்ற இணையும் சமமானவை என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஔகாரத்துக்கும் அப்படி ஓர் இணை உண்டு, ஆனால் அதன் இரண்டாம் பாதி 3031 என்ற தனிக் குறிதானே தவிர, 2995 என்ற ளகரம் அன்று. சொல்முதல் "ஔ"வுக்கும் இதே கதைதான்: "ஔவை" என்பதும் "ஒளவை" என்பதும் பார்வைக்கு அக்காள் தங்கை, குறியீட்டில் அந்நியர்.

இந்தத் தவறான சொல்லை விசைப்பலகைக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நான்தான். தமிழ்99 அமைப்பில் "ஔ" விசை கீழ்வரிசையின் இடக்கோடியில் ஒதுங்கியிருக்கிறது. அவசரத்தில் அங்கே போகாமல், எகரத்தையும் ளகரத்தையும் தட்டிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. திரையில் சரியாகத் தெரிந்ததால் யாரும் திருத்தவில்லை. பரிந்துரைக்கும் செயலி, தன்னோடு வந்த அடிப்படைச் சொல்தொகுதியையும் நான் எழுதியவற்றிலிருந்து சேர்த்துக்கொண்ட சொற்களையும் சேர்த்து வைத்து, முந்தைய சொல்லுக்குப் பின் எது வரக்கூடும், எது அண்மையில் அடிக்கடி வந்தது என்று கணக்கிட்டே மூன்று இடங்களை நிரப்புகிறது. அடிப்படைத் தொகுதியில் சரியான "மௌனம்" இருந்தது. என் பழக்கத்தில் தவறான "மெளனம்" இருந்தது. "கெளரவம்", "பெளர்ணமி", "செளகரியம்" எல்லாம் இதே வழியில் உள்ளே வந்திருந்தன. இவை "கெ", "பெ", "செ" என்று தொடங்குபவையாகச் செயலிக்குத் தெரிவதால், "கெட்ட", "பெரிய", "செய்" ஆகிய அன்றாடச் சொற்களின் இடத்தைத் தட்டிப் பறித்துக்கொண்டன. போதாக்குறைக்கு, நாளிதழ் வழக்கைப் பின்பற்றி "மவுனம்" என்றும் சில நேரம் எழுதியிருக்கிறேன். ஒரே சொல்லின் மதிப்பெண்கள் மூன்றாகச் சிதறியதால், மூன்றில் எதுவும் உரிய இடத்துக்கு ஏறவில்லை.

நீக்கும் வேலை எளிதாகத்தான் தொடங்கியது. பட்டையில் வரும் வேண்டாத சொல்லை அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டி தோன்றும். அதில் இழுத்துப் போட்டுவிடலாம். ஔகாரச் சொற்களை ஒவ்வொன்றாக வரவழைத்து முப்பதுக்கும் மேற்பட்டவற்றை இப்படி எறிந்தேன். மறுநாள் காலை "கெளரவம்" திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மீண்டும் எறிந்தேன், மீண்டும் வந்தது.

செயலி கற்ற சொற்கள் வேறு, தனிப்பட்ட அகராதி வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்துப்பிழை சரிபார்ப்பி ஒரு சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, அதைத் தொட்டால் "அகராதியில் சேர்" என்று கேட்குமே, அந்தக் கோடு தொந்தரவாக இருக்கிறது என்று நான் ஆண்டுக்கணக்கில் "சேர்" என்பதைத் தட்டியிருக்கிறேன். அப்படிச் சேர்த்தவை மொழி அமைப்புகளுக்குள் உள்ள தனிப்பட்ட அகராதியில் குடியேறி, காப்புநகலோடு புதிய கைபேசிக்கும் பயணம் செய்திருந்தன. அங்கே போய்ப் பார்த்தால், என் பிழைகளின் அருங்காட்சியகம் ஒன்று அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தேன். மூன்றாவது இடம் ஒன்றும் உண்டு: தொடர்புகளின் பெயர்கள். "புது" என்று எழுதியதும் "நம்பர்" என்று பரிந்துரை வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், உறவினர் ஒருவரின் எண்ணை "புது நம்பர்" என்ற பின்னொட்டோடு நான் சேமித்து வைத்திருந்ததுதான். தொடர்புப் பெயர்களைப் பரிந்துரைக்கும் விருப்பத்தை அணைத்துவிட்டேன். பெயர்களை நானே முழுதாகத் தட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டுத் தொடங்கினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். செய்யலாம். பல விசைப்பலகைச் செயலிகளில் கற்ற சொற்களை மொத்தமாக நீக்கும் விருப்பம், தனியுரிமைப் பகுதிக்குள் இருக்கும். தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்பதற்காகத் திரையில் காட்டும் ஓர் எண்ணை நம்மையே எழுதச் சொல்லும் செயலிகளும் உண்டு. ஐபோனில் பொது அமைப்புகளின் மீட்டமைப்புப் பகுதியில், விசைப்பலகை அகராதியை மீட்டமைக்கும் விருப்பம் இருக்கிறது. ஆனால் செயலியின் கேச்சை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, மட்டும் அழித்துவிட்டுப் பரிந்துரை மாறும் என்று காத்திருப்பது வீண். கற்ற சொற்கள் கேச்சில் இருப்பதில்லை. நானும் இதை முதல் வாரத்தில் செய்து, ஒன்றும் நடக்காததைக் கண்டு கைபேசியைக் குறை சொன்னேன். தரவு முழுவதையும் அழித்தால் மாறும், ஆனால் பிழைகளோடு சேர்த்து, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நல்ல சொற்களும் கலைச்சொற்களும் போய்விடும். பிழைகள் ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்துவிட்ட பிறகு, களைக்காக வயலையே உழுதுபோட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது குறையான தானியங்கித் திருத்தத்தைத் தமிழுக்கு மட்டும் அணைத்துவிட்டேன், அதைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், துணைவினை, ஐயம், வினா என்று ஒட்டிக்கொண்டே போகும் மொழியில், "வந்திருக்கக்கூடுமோ" போன்ற முற்றிலும் சரியான சொல்லும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். பட்டியலில் இல்லாததைப் பிழை என்று கருதித் திருத்தும் முறை இங்கே உதவியைவிட உபத்திரவத்தையே அதிகம் தருகிறது. பரிந்துரை வேறு, அது கேட்டுவிட்டுத் தருகிறது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு சோதனைத் தாளின் பத்து வாக்கியங்களில் பேச்சுத் தமிழ் ஐந்தும் சரளமாக ஓடின. எழுத்துத் தமிழ் வாக்கியங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தடுக்கின. அந்த இடம் ஒற்று. "அலுவலகத்திற்கு" என்ற சொல் "வந்தேன்" என்பதற்கு முன் அப்படியே நிற்கும். "சென்றேன்" வந்தால் "அலுவலகத்திற்குச்", "போனேன்" வந்தால் "அலுவலகத்திற்குப்", "கிளம்பினேன்" வந்தால் "அலுவலகத்திற்குக்", "தாமதமாக" வந்தால் "அலுவலகத்திற்குத்". நமக்கு ஒரு சொல், செயலிக்கு ஐந்து. ஐந்துக்கும் மதிப்பெண்கள் பிரிந்துபோவது ஒரு பக்கம் இருக்க, இன்னும் எழுதப்படாத அடுத்த சொல்லைப் பார்த்து இந்தச் சொல்லின் இறுதியை முடிவு செய்ய வேண்டியிருப்பது, இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாகக் கணிக்கும் முறைக்கு நேர் எதிரானது. ஒற்று இல்லாத வடிவத்தைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறவர்கள், தம்மை அறியாமல் ஒற்றை இழக்கிறார்கள்; கைபேசியில் எழுதப்படும் தமிழில் ஒற்று உதிர்ந்துகொண்டிருப்பதில் இந்தப் பட்டைக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஓர் ஒட்டுவேலை உண்டு. தனிப்பட்ட அகராதியில் சொல்லுக்குக் குறுக்குவழி ஒன்றையும் சேர்க்க முடியும். நான் கடிதங்களில் அடிக்கடி எழுதும் தொடர்களை, ஒற்றும் அடுத்த சொல்லும் சேர்ந்த முழு வடிவிலேயே உள்ளிட்டேன்: "தகே" என்று தட்டினால் "தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்", "அசெ" என்று தட்டினால் "அலுவலகத்திற்குச் செல்கிறேன்". குறுக்குவழி, வேறு எந்தச் சொல்லின் தொடக்கமாகவும் இல்லாத எழுத்துச் சேர்க்கையாக இருக்க வேண்டும். "அவ" என்று முதலில் வைத்துவிட்டு, "அவர்", "அவள்" எழுத வந்தபோதெல்லாம் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டேன்.

கடைசியாக மிஞ்சியது பழைய குறிப்புகள். கைபேசியில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் பிழையான ஔகாரத்தோடு கிடந்தன. "மௌனம்" என்று தேடினால் அவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்து, கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். இரண்டு நொடியில் முடிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால், "தெளிவு", "வெள்ளம்", "பெருவெள்ளம்" என்று எங்கெல்லாம் உண்மையான ளகரம் இருந்ததோ அங்கெல்லாம் எழுத்து உடைந்து, பிடிமானமற்ற இகரக் கொக்கியும் புள்ளியும் வெற்று வட்டங்களின்மேல் தொங்கிக்கொண்டிருந்தன. நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இரண்டாம் முறை, ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடக் கூடாது, வெறும் ளகரமாக நின்றால் மட்டும் மாற்ற வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தேன். எழுத்துத் தமிழில் இருந்த குறிப்புகள் சுத்தமாகிவிட்டன. பேச்சுத் தமிழில் எழுதியவற்றில் "வெளங்குதா", "வெளயாட்டு" போன்ற சொற்கள் அந்த நிபந்தனைக்குள்ளும் சிக்கிக்கொண்டதால், அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் அறுபது குறிப்புகள் பாக்கி.